கிராம் கணக்கில் காற்று: எஞ்சின் பவரைக் கூட்டும் வழக்கமில்லாத வழிகள்

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலைக் கூட்டுவது எளிது. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்து வைத்தால் போதும். காற்றுக்கு அந்த வசதி கிடையாது. பிஸ்டன் இறங்கும்போது சிலிண்டரில் உண்டாகும் இடத்தை நிரப்ப அது தானாக உள்ளே வந்தாக வேண்டும். அதனால் எஞ்சினின் பவருக்கு வரம்பு கட்டுவது காற்றுதான்.

காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவும் சூப்பர்சார்ஜரும் எல்லோருக்கும் தெரிந்தவை. இங்கே பார்ப்பது மற்ற வழிகளை: ஐஸ், தண்ணீர், குழாயின் நீளம், சிரிப்பு வாயு, பின்னோக்கித் திறக்கும் பானெட், ஆன்லைனில் விற்கும் மின்விசிறி. சில உண்மையிலேயே வேலை செய்யும், சில செய்யாது. பிரித்துப் பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும்.

58 கிராம்

1.2 லிட்டர், நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மூச்சிழுக்கும். 6,000 ஆர்.பி.எம்.மில், அதாவது நிமிடத்துக்கு 6,000 சுற்றில், அது நிமிடத்துக்கு 3,600 லிட்டர், நொடிக்கு 60 லிட்டர். சிலிண்டர் முழுதாக நிரம்புவது அபூர்வம். 85 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால் நொடிக்கு 51 லிட்டர். 35 டிகிரி வெயிலில் கடல்மட்டத்தில் ஒரு லிட்டர் காற்றின் எடை 1.15 கிராம். ஆக, நொடிக்குச் சுமார் 58 கிராம் காற்று.

நொடிக்கு 1 கிராம் காற்றுக்கு 1.3 குதிரைத்திறன் என்பது டியூனிங் செய்பவர்களின் பழைய கைக்கணக்கு. 58-ஐ அதால் பெருக்கினால் 75 வரும். சாதாரண 1.2 லிட்டர் எஞ்சினுக்குக் கம்பெனிகள் சொல்லும் எண்ணும் இதையொட்டித்தான் இருக்கும்.

எந்தக் கருவியைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் அது இந்த 58-ஐ எத்தனை ஆக்கும் என்று கேளுங்கள். அதைக் கூட்ட மூன்றே வழிகள்தான்: காற்றைக் குளிர்விப்பது, அழுத்துவது, அதிலுள்ள ஆக்சிஜனின் பங்கை உயர்த்துவது. ஊட்டிக்குக் கார் ஓட்டியவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் 77 கிலோபாஸ்கல் அளவுக்கு இறங்கிவிடும். குளிர் கொஞ்சம் ஈடுகட்டினாலும், சமவெளியில் கிடைத்த காற்றில் ஐந்தில் ஒரு பங்கு அங்கே இல்லை. கொண்டை ஊசி வளைவில் கார் திணறுவதற்கு ஏற்றம் பாதிக் காரணம், மீதி இதுதான்.

செலவழிக்கும் முன் அளவெடுங்கள்

காரின் சென்சார் எண்களைப் படிக்க ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகும் புளூடூத் ரீடர் ஒன்றும் போனில் ஓர் ஆப்பும் போதும். பார்க்க வேண்டியவை இரண்டு: இன்டேக்கில், அதாவது எஞ்சின் காற்றிழுக்கும் பாதையில், காற்றின் வெப்பநிலை; அந்தக் காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டின் அழுத்தம்.

டர்போ இல்லாத காரில், சாவியை ஆன் செய்து எஞ்சினைக் கிளப்பாமல் மேனிஃபோல்டு அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது அன்றைய வெளிக்காற்றின் அழுத்தம். சமவெளியில் 100 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும். பிறகு காலியான சாலையில் மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்தி, 5,500 ஆர்.பி.எம். தொடும்போது அதே எண்ணைப் பாருங்கள். 97 வந்தால், ஃபில்டர், குழாய், த்ராட்டில் (ஆக்சிலேட்டர் திறக்கும் காற்றுக்கதவு) எல்லாம் சேர்ந்து தின்றது வெறும் 3 சதவீதம். உலகத்திலேயே விலை உயர்ந்த ஏர் ஃபில்டரைப் போட்டாலும் அந்த மூன்றுக்குள் ஒரு பகுதிதான் திரும்பி வரும். 93 வந்தால் முதலில் பழைய ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

இன்டேக் வெப்பநிலையை ஓடும்போது பார்க்க வேண்டும், சிக்னலில் நிற்கும்போது அல்ல. 80 கி.மீ. வேகத்தில் வெளிவெப்பத்தைவிட 5 டிகிரி அதிகம் என்றால் கார் வெளிக்காற்றைத்தான் குடிக்கிறது. 20 டிகிரி அதிகம் என்றால் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டைக் குடிக்கிறது.

குளிர்ந்த காற்று

காற்று 3 டிகிரி குளிர்ந்தால் அடர்த்தி 1 சதவீதம் கூடும். 60 டிகிரியிலிருந்து 40-க்கு இறக்கினால் 6 சதவீதத்துக்கு மேல்; நம் எஞ்சினில் 4 அல்லது 5 குதிரைத்திறன். இதில் இன்னொரு லாபமும் ஒளிந்திருக்கிறது. காற்று சூடாக வந்தால் எஞ்சினின் கணினியான இ.சி.யு., நாக்கிங்குக்கு (கலவை நேரம் தவறித் தானே வெடிப்பதற்கு) பயந்து ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும். குளிர்ந்தால் அந்தத் தாமதத்தை எடுத்துவிடும்.

பலர் தவறுவது இங்கேதான். இன்டேக் குழாய்க்கு வெப்பத்தடுப்பு டேப் சுற்றுகிறார்கள். குழாயும் ஏர் ஃபில்டர் பாக்ஸும் சேர்ந்து 3 லிட்டர் கொள்ளளவு என்றால், நொடிக்கு 51 லிட்டர் ஓடும்போது காற்று அதற்குள் இருப்பது ஒரு நொடியில் பதினேழில் ஒரு பங்குதான். அதற்குள் எவ்வளவு சூடாகிவிடும்? காற்று எங்கிருந்து நுழைகிறது என்பதுதான் கணக்கு. அதனால் கம்பெனி பாக்ஸைத் தூக்கிவிட்டுப் பானெட்டுக்குள் திறந்தபடி கூம்பு ஃபில்டர் வைப்பது பெரும்பாலும் நஷ்டம். சத்தம் கூடும், கூடவே பவர் கூடியதுபோலத் தோன்றும். வெப்பநிலை எண் வேறு கதை சொல்லும்.

முதல் வேலையாகக் கம்பெனியே கொடுத்த ஸ்நார்கல் குழாய் அதன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் பாக்ஸிலிருந்து கிரில்லுக்குப் பின்னால் வரை போகும் பிளாஸ்டிக் குழாய் அது. பம்பர் வேலை பார்த்த கார்களில் அது உடைந்தோ மாட்டப்படாமலோ கிடப்பது சாதாரணம். இல்லாவிட்டால் 63 முதல் 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள நெளிவுக் குழாயை இரண்டு கிளாம்ப் வைத்து மாட்டி, வாயை ரேடியேட்டருக்கு முன்னால் கொண்டுவரலாம். வாயை எங்கே வைக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். பம்பரின் அடிப்பக்கம்தான் அதிகக் குளிர்ச்சி; சென்னையில் நவம்பர் மழையில் தண்ணீர் நிற்பதும் அந்த உயரத்தில்தான். 300 சி.சி. சிலிண்டர், 11-க்கு 1 கம்ப்ரஷன் என்றால் பிஸ்டன் உச்சியில் மிச்சமிருக்கும் இடம் 30 சி.சி. இரண்டு மேஜைக்கரண்டி தண்ணீர் அதை நிரப்பிவிடும். தண்ணீரை அழுத்த முடியாது என்பதால் வளைவது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான்.

ஏசி காற்றை இன்டேக்குக்குத் திருப்பினால் என்ன என்று எல்லோருக்கும் ஒருநாள் தோன்றும். 58 கிராம் காற்றை 20 டிகிரி குளிர்விக்க 1.2 கிலோவாட் குளிர்ச்சி போதும். கம்ப்ரஸர் அதற்கு இழுப்பது ஒரு குதிரைத்திறனை ஒட்டி. காகிதத்தில் லாபம்தான். ஆனால் ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்தியதும் பல கார்களில் இ.சி.யு. முதலில் துண்டிப்பது ஏசி கம்ப்ரஸரைத்தான். ஈரக்காற்றில் குளிர்ச்சியின் பெரும்பகுதி நீராவியைத் தண்ணீராக்குவதிலேயே கரைந்துவிடும். இதை ஒழுங்காகச் செய்த கார் 2018-ன் டாட்ஜ் சேலஞ்சர் டீமன். அது காற்றை நேராகக் குளிர்விப்பதில்லை. ஏசி வாயுவைத் திருப்பிவிட்டு, சூப்பர்சார்ஜரின் இன்டர்கூலரில் (அழுத்தியதால் சூடான காற்றைக் குளிர்விக்கும் கருவி) ஓடும் கூலன்டைக் குளிர்விக்கிறது.

டிராக் ரேஸில் இன்னும் முரட்டு வழி: வாட்டர் இன்டர்கூலரின் தொட்டியில் ஐஸைக் கொட்டுவது. ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும். 500 குதிரைத்திறன் எஞ்சின் நொடிக்கு 385 கிராம் காற்று குடிக்கிறது. அதை 60 டிகிரி குளிர்விக்க 23 கிலோவாட். 10 கிலோ ஐஸ் இரண்டரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். பத்து நொடிப் பந்தயத்துக்கு அது தாராளம். அலுவலகம் போய்வர உதவாது.

தண்ணீர்

எரியும் இடத்தில் தண்ணீர் தெளிப்பதா என்று தோன்றும். ஆனால் இது பழைய, நிரூபிக்கப்பட்ட வித்தை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் பி.எஃப்.109 விமானங்கள் தண்ணீரையும் மெத்தனாலையும் ஏறக்குறைய சரிபாதியாகக் கலந்து சூப்பர்சார்ஜருக்குள் பீய்ச்சின. கார்களில் 1962-ன் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் அதே கலவையைத் தனித் தொட்டியில் சுமந்தது. உரிமையாளர்கள் தொட்டியை நிரப்ப மறந்தார்கள், டர்போ அழுத்தம் தானாகக் குறைந்தது, கார் இரண்டு ஆண்டுகளோடு நின்றுபோனது. 2016-ல் பி.எம்.டபிள்யூ. எம்4 ஜி.டி.எஸ். 5 லிட்டர் தண்ணீர்த் தொட்டியோடு வந்து 500 குதிரைத்திறன் காட்டியது.

ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக 2,257 கிலோஜூல் வேண்டும். பெட்ரோலுக்கு அதில் ஆறில் ஒரு பங்குதான். நம் 58 கிராம் காற்றில் நொடிக்கு 1 கிராம் தண்ணீரைத் தெளித்து, அது முழுதாக ஆவியானால் காற்று 38 டிகிரி குளிரும். உண்மையில் முழுதாக ஆகாது. மேலும் அந்த ஆவியே சிலிண்டரில் இரண்டரை சதவீத இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கூட்டிக் கழித்தால் டர்போ இல்லாத, இ.சி.யு. மாற்றாத காரில் மிஞ்சுவது மிகக் குறைவு. தண்ணீரின் உண்மையான பயன் டர்போ எஞ்சினில் நாக்கிங்கை அடக்குவது. அது அடங்கினால் ஸ்பார்க்கை முன்னே நகர்த்தலாம், பூஸ்டை (டர்போ தரும் கூடுதல் அழுத்தத்தை) கூட்டலாம். பவர் அங்கிருந்துதான் வருகிறது.

அமைப்பு இப்படி: 7 முதல் 10 பார் அழுத்தம் தரும் டயாஃப்ரம் பம்ப், அதிலிருந்து நைலான் குழாய், நுனியில் ஒருவழி வால்வுள்ள நாசில். நாசிலை இன்டர்கூலருக்குப் பின்னால், த்ராட்டிலுக்கு 20, 30 சென்டிமீட்டர் முன்னால் வைக்க வேண்டும். காற்றளவு சென்சாருக்கு முன்னால் வைத்தால் சென்சார் கெடும். அளவு, எரிபொருளின் எடையில் 10 சதவீதத்தில் தொடங்கி 25-க்குள் இருந்தால் போதும். பூஸ்ட் வந்த பிறகே பம்ப் ஓட வேண்டும்; ஒருவழி வால்வு இல்லாவிட்டால் எஞ்சின் நின்ற பிறகும் தண்ணீர் சொட்டி உள்ளே தேங்கும்.

கெடுவது பெரும்பாலும் நாசிலில். போர்வெல் தண்ணீர் ஊற்றினால் உப்பு படிந்து அடைத்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. தண்ணீரை நம்பி ஸ்பார்க்கை முன்னே நகர்த்திய எஞ்சினில் நாசில் அடைத்தால் அடுத்த சில நொடிகளில் நாக்கிங் பிஸ்டனை உடைக்கும். ஆகவே தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கும் சென்சாரும், ஓடாவிட்டால் உடனே பூஸ்டைக் குறைக்கும் இணைப்பும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. மெத்தனால் கலப்பது பவரைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் கள்ளக்குறிச்சியில் 2024-ல் உயிர்களைக் குடித்த அதே பொருள் அது. வீட்டில் கேனில் வைத்துக்கொள்ளும் சமாச்சாரம் அல்ல. வெறும் தண்ணீரே முக்கால்வாசி வேலையைச் செய்யும்.

இதைவிடப் பாதுகாப்பான தம்பி ஒன்று உண்டு: தண்ணீரை உள்ளே விடாமல் இன்டர்கூலரின் வெளிப்பக்கத்தில் தெளிப்பது. சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். எஸ்.டி.ஐ., மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் இரண்டிலும் கம்பெனியே இதைக் கொடுத்தது. கண்ணாடி கழுவும் வாஷர் பம்ப், அதன் ஸ்ப்ரே நாசில் இரண்டு, ஒரு ரிலே, ஒரு பட்டன் போதும். மூன்று நொடி தெளித்து, பதினைந்து நொடி காயவிட வேண்டும்; ஆவியாகும் தண்ணீர்தான் குளிர்விக்கும், வழிந்து விழும் தண்ணீரால் பெரிய பயனில்லை. டீசல் கார்களில் இதனால் கூடுதல் பவர் வராது. சூட்டில் இழக்க இருந்தது இழக்காமல் நிற்கும், அவ்வளவுதான்.

குழாயின் நீளம்

எனக்கு இந்தப் பட்டியலிலேயே மிக அழகானது இதுதான். நகரும் பாகம் ஒன்றுகூட இல்லாமல், வெறும் குழாயை வைத்தே கொஞ்சம் சூப்பர்சார்ஜிங் செய்யலாம்.

பிஸ்டன் வேகமாக இறங்கும்போது இன்டேக் குழாயில் ஓர் உறிஞ்சல் அலை எழுந்து ஒலியின் வேகத்தில் வெளிநோக்கி ஓடும். குழாயின் திறந்த வாயை அடைந்ததும் அது அழுத்த அலையாகத் தலைகீழாகித் திரும்பும். வால்வு மூடும் தறுவாயில் அந்த அலை வந்து சேர்ந்தால், கடைசி நேரத்தில் ஒரு பிடி காற்றை சிலிண்டருக்குள் தள்ளிவிடும். நேரம் தவறி வந்தால் பயனில்லை. ஆக எல்லாம் நீளத்தில் இருக்கிறது.

1960-ல் கிரைஸ்லர் 300எஃப் காரில் 30 அங்குல நீளக் குழாய்களை எஞ்சினுக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டார்கள். வலது பக்க சிலிண்டர்களுக்கான கார்புரேட்டர் இடது ஃபெண்டர் பக்கம் உட்கார்ந்திருந்தது. 30 அங்குலம் என்பது 76 சென்டிமீட்டர். போகவர ஒன்றரை மீட்டரைக் கடக்க அலைக்கு ஆகும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் 4.3 பங்கு. 2,800 ஆர்.பி.எம்.மில் அதற்குள் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் 73 டிகிரி திரும்பியிருக்கும். அலை எழுந்ததற்கும் வால்வு மூடுவதற்கும் உள்ள இடைவெளியும் அதை ஒட்டியதுதான்.

இதிலிருந்து கைக்கணக்கு ஒன்று கிடைக்கிறது: 2,15,000-ஐ நீங்கள் விரும்பும் ஆர்.பி.எம்.மால் வகுத்தால் குழாயின் நீளம் சென்டிமீட்டரில் வரும். 6,000-க்கு 36 சென்டிமீட்டர். வால்விலிருந்து, சிலிண்டர் ஹெட்டுக்குள் உள்ள துளையையும் சேர்த்து, குழாய் பெரிய அறைக்குள் திறக்கும் வாய் வரை அளக்க வேண்டும். ஹெட்டின் முகப்பிலிருந்து அளந்து வெட்டிவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவது வழக்கமான பிழை. வாயை ட்ரம்பெட் போல விரித்துவிட்டால் காற்று நுழைவது எளிதாகும்.

ஒரு நீளம் ஒரு வேகத்துக்குத்தான் பொருந்தும் என்பதுதான் இதன் குறை. 1991-ல் லெ மான் பந்தயத்தை வென்ற மஸ்தா 787பி அதற்கும் வழி கண்டது: ஆர்.பி.எம். ஏற ஏறக் குழாயின் நீளம் தானே குறையும். இன்று பல சாதாரண கார்களின் பிளாஸ்டிக் மேனிஃபோல்டுக்குள்ளும் நீளம், குட்டை என இரண்டு பாதைகளும் நடுவில் ஒரு கதவும் இருக்கின்றன. அந்தக் கதவை இயக்கும் வேக்கம் குழாய் விரிந்துபோய், மேல் வேகத்தில் கார் மந்தமாக ஓடுவதும் நடக்கும். புதிதாக எதையும் மாட்டும் முன் அதைப் பாருங்கள்.

காற்றை அழுத்துவது

ஓடும் காரின் வேகமே காற்றை உள்ளே தள்ளாதா? தள்ளும். எவ்வளவு என்பதுதான் ஏமாற்றம். 100 கி.மீ. வேகத்தில் கிடைப்பது 0.44 கிலோபாஸ்கல், அரை சதவீதம்கூட இல்லை. 200-ல் 1.8, 300-ல் 4. கவாஸாகி நிஞ்ஜா இஸட்.எக்ஸ்-10ஆர் பைக்குக்கு 203 குதிரைத்திறன், ராம் ஏர் (வேகம் உள்ளே தள்ளும் காற்று) சேர்த்தால் 213 என்று கம்பெனியே இரண்டு எண் கொடுத்திருக்கிறது; அந்த பைக் போகும் வேகத்துக்கு அது நியாயம். 1969 செவர்லே கமாரோவில் பானெட் ஸ்கூப் பின்பக்கம் பார்த்துத் திறந்திருக்கும். அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். காற்று முன்கண்ணாடியில் மோதித் தேங்கும் அந்த மூலையில்தான் அழுத்தம் அதிகம்.

இன்டேக் குழாயில் மாட்டும் 12 வோல்ட் மின்விசிறியை ‘எலெக்ட்ரிக் சூப்பர்சார்ஜர்’ என்று விற்கிறார்கள். நம் எஞ்சினுக்கு 0.3 பார் பூஸ்ட் தர 2.8 கிலோவாட் வேண்டும். 12 வோல்ட்டில் 230 ஆம்பியர். சின்னக் காரின் ஆல்டர்னேட்டர் கொடுப்பதே நூற்றுக்குள்தான். அந்த விசிறி இழுப்பதோ ஐந்து, பத்து ஆம்பியர். முழு வேகத்தில் அது விசிறி வேலை செய்யாது, குழாய்க்குள் கிடக்கும் தடையாகத்தான் இருக்கும். காற்றைச் சுழற்றிவிடுவதாகச் சொல்லும் தகட்டு இறக்கைகளும் அப்படியே. இலை ஊதும் பெட்ரோல் ப்ளோயரை மாட்டிப் பார்த்தவர்களும் உண்டு, 25 சி.சி. மோட்டாரின் ஒரு குதிரைத்திறனிலிருந்து ஓரிரு சதவீதம் கிடைக்கலாம்.

உண்மையான எலெக்ட்ரிக் கம்ப்ரஸர் எப்படியிருக்கும் என்பதற்கு 2016-ன் ஆடி எஸ்.க்யூ.7 உதாரணம்: தனி 48 வோல்ட் மின்சாரம், 7 கிலோவாட், 70,000 ஆர்.பி.எம்., அதுவும் கால் நொடிக்குள். வோல்வோ அதே காலத்தில் வேறு பாதையில் போனது. 2 லிட்டர் டாங்கில் 12 பார் அழுத்தத்தில் அடைத்த காற்றை டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்டில் ஊதி, டர்போவை உடனே சுழலவைத்தது.

ஆக்சிஜனைக் கூட்டுவது

காற்றின் எடையில் 23 சதவீதம்தான் ஆக்சிஜன். நைட்ரஸ் ஆக்சைடில், அதாவது சிரிப்பு வாயுவில், 36 சதவீதம். சுமார் 300 டிகிரிக்கு மேல் அது உடைந்து ஆக்சிஜனை விடும். திரவமாக வந்து விரியும்போது கடுங்குளிர்ச்சியும் தரும். பட்டியலில் அதிக பவர் தருவது இது, எஞ்சினை வேகமாகக் கொல்வதும் இதுவே. கூடுதல் ஆக்சிஜனுக்கு ஈடான பெட்ரோல் அதே கணத்தில் போகாவிட்டால் பிஸ்டன் உருகும். நம் ஊருக்கென்று தனிச் சிக்கல் வேறு. 36.4 டிகிரிக்கு மேல் நைட்ரஸ் திரவமாகவே இருக்காது. அந்தப் புள்ளியில் அழுத்தம் 72 பார். கிட்டுகளில் வாயுவை அளந்துவிடும் ஜெட் துளைகள் 62 முதல் 69 பாருக்கு அளவெடுத்தவை. மே மாத வெயிலில் டிக்கியில் இருந்த பாட்டில் கூடுதல் வாயுவைத் தள்ளும், பெட்ரோல் அதே அளவில் நிற்கும், கலவை வறளும். இன்னும் சூடானால் பாட்டிலின் பாதுகாப்புத் தகடு வெடித்துத் திறக்கும்.

சுத்த ஆக்சிஜன் சிலிண்டரை இணைக்கும் யோசனையை நினைத்தும் பார்க்க வேண்டாம். எண்ணெய் பட்ட குழாயில் உயர் அழுத்த ஆக்சிஜன் பட்டால் தானே தீப்பிடிக்கலாம். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் கொடுக்கும் பாட்டில்கள் 20 ஆம்பியரில் நிமிடத்துக்கு ஒன்றேகால் லிட்டர் வாயு தரும். எஞ்சின் குடிப்பது 3,600 லிட்டர்.

சட்டமும் சோதனையும்

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு பதிவான காரின் கட்டமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தப்படி உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். ஸ்நார்கலைச் சரிசெய்வதும் ஃபில்டர் மாற்றுவதும் பராமரிப்பு. நைட்ரஸ் அப்படியல்ல, விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் சர்வேயர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான்.

எதை மாட்டினாலும் பலன் இருக்கிறதா என்று பார்க்க, பவரை அளக்கும் டைனோ எந்திரம் வேண்டியதில்லை. மூடிய பாதையில் மூன்றாவது கியரில் 2,000-லிருந்து 5,500 ஆர்.பி.எம். ஏற எத்தனை நொடி என்று ஆப்பில் பதிவுசெய்யுங்கள். போகும் திசையில் மூன்று முறை, வரும் திசையில் மூன்று முறை, பிறகு சராசரி. மாட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரே நாளில், ஒரே பெட்ரோல் அளவில் செய்யுங்கள். காலை 27 டிகிரிக்கும் மதியம் 36 டிகிரிக்கும் இடையே மட்டுமே 3 சதவீத வித்தியாசம் உண்டு. வந்த வித்தியாசம் 2 சதவீதத்துக்குக் கீழே என்றால், அது அன்று காற்றடித்த திசையாகக்கூட இருக்கலாம்.